கருகல் நோய்க் கட்டுரையின் வரலாறு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள் வீட்டில். வாய் அதற்கும் ஓரடி முன்னால் நிற்கும். "உன்ற வாய்ல வசம்ப வெச்சுத் தேய்க்கோணும்" என்று அம்மா திட்டித் திட்டியே வளர்ந்தவள் நான். அதை ஒரு பாராட்டு மாதிரி எடுத்துக்கொண்டேன். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள் என்று காலேஜிலும் பெயர். மனதில் பட்டது வேறு, மனதில் கிடந்து புழுத்தது வேறு என்று எனக்குத் தெரியவந்தது எம்.ஏ. இரண்டாம் வருடத்தில்தான். அதற்கு விலை கொடுத்தது நானில்லை.

கோயமுத்தூரில் நான் படித்த எம்.ஏ.வில் மொழிபெயர்ப்பு ஒரு பாடம். அந்தப் பாடத்துக்குப் பரீட்சை கிடையாது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதன் ஆங்கிலப் பக்கத்திலிருந்து ஆளுக்கொரு கட்டுரையை எடுத்துத் தமிழில் மொழிபெயர்த்து ஏற்ற வேண்டும். மொத்த மதிப்பெண்ணும் அதற்குத்தான். "நீங்க எழுதறதை நான் ஒருத்தி படிச்சுட்டுக் கட்டி வெச்சா என்ன பிரயோஜனம்? ஊரே படிக்கட்டும்" என்றார் மேடம். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை.

மேடத்துக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. நாங்கள் கட்டுரையைக் கணினியிடம் கொடுத்து, அது துப்பியதை அப்படியே ஒட்டிவிடுவோம் என்று. அதற்கு ஒரு மருந்தும் வைத்திருந்தார். அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே 'வரலாறு' என்று ஒரு சுட்டி உண்டு. அதைத் தொட்டால், அந்தப் பக்கத்தில் யார் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எதைச் சேர்த்துச் சேமித்தார்கள் என்று வரிசையாக வந்து நிற்கும். கட்டுரையை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். வரலாற்றை, எழுதினவளே நினைத்தாலும் மாற்ற முடியாது. "எழுதறவங்க கொஞ்சங் கொஞ்சமாத்தான் எழுதுவாங்க. ஒட்டறவங்க ஒரே தடவையில ஒட்டுவாங்க. எனக்கு இருபது சேமிப்பாவது வேணும். வரலாற்றைப் பார்த்தா நான் ஜாதகமே சொல்லிருவேன்" என்றார்.

எனக்கு வந்தது தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு. எங்கள் வீடு கிணத்துக்கடவில். வாசலைத் தாண்டினால் தோப்பு. அந்த வண்டைத் தென்னையின் கொண்டையிலிருந்து கம்பியால் குத்தி எடுத்து எடுத்து அப்பாவுக்குக் கை காய்த்திருக்கிறது. அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் பாதிக் கட்டுரைக்கு எனக்குச் சொல் கிடைத்திருக்கும். யார் உட்காருவது? ஆங்கிலக் கட்டுரையை அப்படியே கணினிக்குக் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தமிழில் வந்துவிட்டது.

பிறகுதான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். வந்ததைப் பதினெட்டுத் துண்டாக வெட்டி வைத்துக்கொண்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு துண்டு, சில நாள் இரண்டு துண்டு என்று ஒரு மாதம் ஏற்றினேன். நடுநடுவே வேண்டுமென்றே ஓர் எழுத்தைப் பிழையாக விட்டு, மறுநாள் வந்து திருத்திச் சேமிப்பேன். ஒவ்வொரு சேமிப்பிலும் என்ன செய்தோம் என்று குறிக்க ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்று பணிவாக எழுதுவேன். வரலாற்றைப் பார்த்தால், பாவம் இந்தப் பெண் ராப்பகலாக உழைத்திருக்கிறாள் என்று கண்ணீர் வரும்.

ஒரு நாள் அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் லேப்டாப்பில் அதைப் படித்தார். 'ஆண்களுக்குப் பெண்களைவிடக் கொம்பு நீளம்' என்று ஒரு வரி. ஆண் வண்டு என்று இருக்க வேண்டியது. அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏங்கண்ணு, இதை ஆரு எழுதுனது? நம்மூட்டுல எனக்கெங்க கொம்பு இருக்குது? இருந்தா உங்கம்மாளுக்குத்தான்." இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் அந்த வரியைத் திருத்தினேன். அதற்கும் ஒரு சேமிப்பு கிடைத்தது.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் உட்கார்ந்தேன், வண்டையும் கொம்பையும் பேசி நாளைக் கடத்துகிறேன்.

அவள் என் வகுப்புதான், மேட்டுப்பாளையத்துக்காரி. அங்கே கிழங்கு மண்டியில் அவள் அப்பா மூட்டை தூக்குகிறவர், அம்மா கிழங்கு தரம் பிரிக்கிறவர். முதல் வருடம் முழுக்க என்னை 'ங்க' போட்டுத்தான் பேசினாள். "சாப்ட்டீங்களா?" "இந்த நோட்டு உங்களுதுங்களா?" எங்கள் பக்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் 'ங்க' போடுவோம். ஆனால் கூடப் படிக்கிறவளுக்குப் போட்டால் அது மரியாதை இல்லை, தள்ளி நிற்பது. எதற்காகத் தள்ளி நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் தோப்பில் வேலை செய்கிறவர்களும் என்னிடம் அப்படித்தான் பேசுவார்கள். ஒரு நாள் எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "ஏம்புள்ள, நானென்ன உன்ற மாமியாளா? இனி ஒருக்கா 'ங்க'ன்னு சொல்லு, உன்ற டிபன் பாக்ஸத் தூக்கி வெளிய வீசிருவேன்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாள் மதியம், "வா புள்ள, சாப்படலாம்" என்று கூப்பிட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

அவள் எடுத்தது உருளைக்கிழங்கில் வரும் கருகல் நோய் பற்றிய கட்டுரை. பட்டியலில் சினிமாவும் கிரிக்கெட்டும் இருந்தன. அவள் தானாகக் கேட்டு இதை வாங்கினாள். "எங்கம்மா கையில தெனமும் அழுகுன கெழங்கு வாசம் வருது புள்ள. சோப்புப் போட்டாலும் போவறதில்ல. அது எதுனாலதான் அழுகுதுன்னு பாக்கலாமேன்னுதான்" என்றாள். அந்தக் கட்டுரையில், அந்த நோயால் ஒரு நாடே கிழங்கில்லாமல் பட்டினி கிடந்து லட்சக்கணக்கில் செத்த கதையும் வரும். அதை அம்மாவிடம் சொன்னாளாம். "ஏனம்மிணி, அந்தச் சீமையில சோளங் கம்பு வெளையாதாமா?" என்று கேட்டாராம் அம்மா. இதைச் சொல்லிவிட்டு அவள், "நல்ல கேள்விதானே புள்ள? அந்தக் கட்டுரையில அதுக்குப் பதிலே இல்ல" என்றாள்.

தை மாதம் நகரத்திலிருக்கும் ஒரு மொழிபெயர்ப்புக் கம்பெனி எங்கள் துறையிலிருந்து ஒரே ஒரு ஆளை எடுக்க வந்தது. எழுத்துத் தேர்வு வைத்தார்கள். நானும் எழுதினேன், அவளும் எழுதினாள். அவளை எடுத்தார்கள். அரியர் எதுவும் இல்லாமல் ஜூனுக்குள் தேறி வந்தால் சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் கொடுத்தார்கள்.

அந்தக் கடிதம் அவளுக்கு வெறும் வேலை இல்லை. அவளுக்கு மாமன் மகனைப் பேசி வைத்திருந்தார்கள். படிப்பு முடிந்ததும் ஆவணியில் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. வேலை கிடைத்தால் இரண்டு வருடம் பொறுக்கலாம் என்று அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். "கடுதாசி வந்துருச்சு புள்ள. ரெண்டு வருசம் தப்பிச்சேன்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணெல்லாம் பளபளத்தது.

நானும் சிரித்தேன், "பார்ட்டி எப்ப?" என்று கேட்டேன். வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைத்து மழுப்ப விரும்பவில்லை. எனக்கு அந்த வேலை அவசியம்கூட இல்லை. வீட்டில் யாரும் என்னை நெருக்கவில்லை. ஆனாலும், இங்கிலீஷ் மீடியத்தில் படித்த என்னை விட்டுவிட்டு இவளை எடுத்தார்களே என்று ஒன்று உள்ளே கிடந்து குடைந்தது.

மார்ச்சில் மேடம், ஒருவர் கட்டுரையை மற்றவர் சரிபார்க்க வேண்டும் என்றார். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் உரையாடல் பக்கம் என்று ஒன்று இருக்கும். கருத்தை அங்கே எழுத வேண்டும். சீட்டுப் போட்டதில் எனக்கு வந்தது அவள் கட்டுரை.

நான் கட்டுரையைத் திறக்கவில்லை. முதலில் வரலாற்றைத் திறந்தேன். புத்தி அங்கேதான் போயிற்று. ஒரே ஒரு வரி இருந்தது. காலை ஏழு நாற்பது. இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்கள், ஒரே சேமிப்பு.

அட கெரகமே, என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தன்னைப்போல் பிறரையும் நினை என்பார்கள். நினைத்தேன். நானாவது வெட்டி வெட்டிப் போட்டேன், இவள் அந்தச் சிரமம்கூடப் படவில்லையே, இவளுக்குப் போய் வேலையா என்று நினைத்தேன். பிறகு கட்டுரையின் முதல் பத்தியைப் படித்தேன். தமிழ் தண்ணீர் மாதிரி ஓடியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது என்ன தெரியுமா? இந்தக் கணினிக்கு இவ்வளவு நல்ல தமிழ் எப்போது வந்தது என்பதுதான்.

உரையாடல் பக்கத்தில் எழுதினேன்: 'முழுக் கட்டுரையும் ஒரே சேமிப்பில் ஏற்றப்பட்டுள்ளது. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டியதாகத் தெரிகிறது.' தெரிகிறது என்று எழுதினேன், சந்தேகிக்கிறேன் என்றுகூட எழுதவில்லை. நறுக்கென்று பேசுகிறவள் இல்லையா.

இரண்டே நாளில் அந்தக் கலைக்களஞ்சியத்தைக் காவல் காக்கும் தன்னார்வலர் யாரோ என் குறிப்பைப் பார்த்துவிட்டுக் கட்டுரையையே நீக்கிவிட்டார். அவள் பெயரைத் தட்டினால் சிவப்பில் ஓர் எச்சரிக்கை நின்றது. மேடம் அவளுக்குச் சுழியம் போட்டுவிட்டதாக வகுப்பில் பேசிக்கொண்டார்கள். சுழியம் என்றால் அரியர். அரியரை மறுபடி எழுத நவம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் அவள் கேன்டீனுக்கு என்னைத் தேடி வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நான் வாயைத் தீட்டி வைத்திருந்தேன். அவள் சண்டை போடவில்லை. பையிலிருந்து இரண்டு நீள நோட்டுகளை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நானு இதுலதான் எழுதினேன் புள்ள. எங்கூட்டுல ஒரே போனு. அதையும் பகல்ல தம்பி வேலைக்குக் கொண்டுட்டுப் போயிருவான். காலையில அவன் கெளம்பற வரைக்குந்தான் என்ற கையில இருக்கும். நோட்டுல பஸ்ல எழுதுவேன். காலைல அரைமணி நேரம் போன்ல அடிச்சு அடிச்சு வெச்சேன். அரைகொறையா ஊரு பாக்க ஏத்த மனசு வல்ல. இருபது சேமிப்புன்னு மேடம் சொன்னதக்கூட நெனைக்காம, மொத்தமும் முடிஞ்சப்பறம் ஒரு நா ஏத்துனேன். அவ்வளவுதான்."

நோட்டைத் திறந்தேன். ஒரு வாக்கியத்தை மூன்று விதமாக எழுதி, இரண்டை அடித்திருந்தாள். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கிறதைச் சொல்ல ஒரு பக்கம் முழுக்கப் போராடியிருந்தாள். ஓரத்தில் 'அம்மாவைக் கேட்க' என்று குறித்து, அதன் கீழே 'செத்த எலி வாசம்' என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு 'துர்நாற்றம்' என்று போட்டிருந்தாள். பஸ் குலுங்கிய இடத்தில் எல்லாம் பேனா இழுத்துக்கொண்டு போயிருந்தது. இந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ நாள் அவள் மடியில் இருந்தது. என்ன எழுதுகிறாய் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"மேடத்தைப் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். நோட்டை வாங்கிக்கூடப் பாக்கல. 'புகார் எழுதினவளே வந்து, தப்பா எழுதிட்டேன்னு எழுதிக் குடுக்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மார்க்க ஏத்திருவேன், அதுக்குள்ள வரட்டும்'னு சொன்னாங்க." அவள் என் கையைப் பிடித்தாள். "நாளைக்கு ஒரு வார்த்தை வந்து சொல்லிரு புள்ள. நீ சொன்னாப் போதும்."

"சொல்றேன் புள்ள. நாளைக்குக் காலைல மொத வேலை அதுதான். நோட்டு என்கிட்ட இருக்கட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன், சத்தியமாக.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் பயம் பிடித்தது. நான் போய் இந்த நோட்டைக் காட்டினால், மேடம் என்ன நினைப்பார்? ஒரே சேமிப்பு இருந்தும் இவள் உண்மையாக எழுதியிருக்கிறாள். அப்படியானால் வரலாற்றை நம்ப முடியாது. அப்படியானால் இருபத்து மூன்று சேமிப்பு வைத்திருப்பவளும் பொய்யாக எழுதியிருக்கலாம். அவர் என் கட்டுரையைத் திறந்து நிதானமாக நான்கு வரி படித்தால் போதும், என் சாயம் வெளுத்துவிடும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதைப் பழமொழியாகத்தான் அதுவரை தெரியும். அன்றைக்கு நெஞ்சே குறுகிவிட்டது.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்க் கோயிலில் நோம்பி. "நீ காலேஜுக்குப் போறதுன்னாப் போ கண்ணு" என்றுதான் அம்மா சொன்னார். நான் போகவில்லை. பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு பூவோடு சுற்றி வந்தேன். காலையில் அவள் வீட்டு நம்பரிலிருந்து மூன்று தடவை அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மத்தியானம் வேறொரு கிளாஸ்மேட் போனிலிருந்து ஒரு செய்தி: 'நான்தான் புள்ள. மேடம் ரூமு முன்னாடி நிக்கறேன். வந்துட்டு இருக்கியா?' நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பொங்கல் சாப்பிட்டேன். தின்றது தொண்டைக்குள் இறங்கவில்லை என்று எழுதினால் பொய். இறங்கியது. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை போனேன். "நான் அவசரப்பட்டு எழுதிட்டேன் மேடம், அவ நோட்டுல எழுதியிருக்கா" என்றேன். என் வண்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுச்சும்மா. அவளுக்காகவே கடைசி நிமிஷம் வரைக்கும் வெச்சிருந்தேன். இனி என் கையில இல்ல." பிறகு, என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, "உன் கட்டுரை வரலாறு ரொம்ப நல்லா இருந்துச்சு. ஜூனியருக்கெல்லாம் எடுத்துக் காட்டியிருக்கேன்" என்றார்.

அவள் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். "சொல்லிப்போட்டேன் புள்ள. ஆனா லேட்டாயிருச்சாமா" என்றேன்.

"போச்சாது, போனாப் போவுது உடுங்க" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் நடந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் போன பிறகுதான் அந்த 'ங்க' காதில் விழுந்தது. அடி வாங்கியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அதற்கப்புறம் படிப்பு முடிகிற வரைக்கும் பார்த்தால் சிரிப்பாள், "சாப்ட்டீங்களா?" என்பாள். கம்பெனி நவம்பர் வரை காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டதாக வேறு யாரோ சொன்னார்கள்.

நோட்டுகள் என்னிடமே கிடந்தன. மே மாதம் வெயிலில் வீட்டில் சும்மா இருக்கும்போது அவை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன. ஒரு நாள் பொறுக்க முடியாமல் உட்கார்ந்தேன். அவள் எழுதியதை அப்படியே திரும்ப ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை யோக்கியமாக. ஆங்கிலத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, வாக்கியம் வாக்கியமாக ஒப்பிட்டு, அவள் சொல்லை மாற்றாமல் அடித்தேன். அடிக்க அடிக்க எனக்கு அழுகை வந்தது. நான் இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து கற்காத மொழிபெயர்ப்பை அந்தப் பதினைந்து நாளில் அவள் நோட்டிலிருந்து கற்றேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சேமித்தேன். சின்னப் பெட்டியில் ஒவ்வொரு தடவையும் பழக்கத்தில் 'மொழிபெயர்ப்பு' என்று குறித்தேன். இந்த முறை யாரும் நீக்கவில்லை. தன்னார்வலர் ஒருவர் 'நல்ல பங்களிப்பு, தொடருங்கள்' என்று எழுதினார்.

ஜூனில் அந்த நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் போனேன். அவள் காலில் விழ வேண்டும் என்று நினைத்துப் போனேன் என்றால் மிகை. அவள் சந்தோஷப்படுவாள், என்னை மன்னித்துவிடுவாள், மறுபடி 'வா புள்ள' என்பாள் என்று நினைத்துப் போனேன். அதுதான் உண்மை.

வீட்டில் ஆளில்லை. பக்கத்து வீட்டு அம்மா மண்டிக்கு வழி சொன்னார். ஊட்டிக் கிழங்கு இறங்கியிருந்தது. மண் வாசமும் அழுகல் வாசமும் கலந்து அடித்தது. கொட்டகைக்குள் குவியலுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, நல்லது ஒரு பக்கம் கெட்டது ஒரு பக்கம் என்று கிழங்கை வீசிக்கொண்டிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் கை பிரித்தது. என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"வாங்க. எப்ப வந்தீங்க? அம்மா, என்ற கூடப் படிச்சவங்க."

"வாங்க கண்ணு, உக்காருங்க" என்று அவள் அம்மா முந்தானையால் ஒரு பலகையைத் துடைத்துவிட்டார். "ஆவணி பன்னெண்டு முகூர்த்தம். வந்துரோணும்" என்றார். நான் தலையாட்டினேன்.

போனை எடுத்து அவள் கட்டுரையைத் திறந்து நீட்டினேன். "பாரு புள்ள. திரும்ப ஏத்தியாச்சு. ஒரு சொல்லுகூட மாத்தல. உன்ற நோட்டுல இருந்த மாதிரியே இருக்குது."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். நின்றபடியே படித்தாள். மெதுவாக, கீழே கீழே தள்ளிப் படித்தாள். உதடு அசைந்தது. இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கிற வாக்கியத்துக்கு வந்ததும் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பிறகு அவள் விரல் மேலே போயிற்று. 'வரலாறு' என்று இருந்ததைத் தொட்டாள்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவ்வளவு நாள் எனக்குத் தோன்றவே இல்லை. வரிசையாக வந்து நின்றது என் பெயர். மேலிருந்து கீழ் வரை, தேதியோடு, மணியோடு, 'மொழிபெயர்ப்பு', 'மொழிபெயர்ப்பு', 'மொழிபெயர்ப்பு' என்று என் பெயர் மட்டும். அவளுடைய அந்த ஒரே வரி, காலை ஏழு நாற்பது, நீக்கிய பழைய கட்டுரையோடு போய்விட்டிருந்தது. அந்தச் சின்னப் பெட்டியில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இது என் தோழியினுடையது என்று எழுதியிருக்கலாம். இனி அதை மாற்ற முடியாது.

"நான் இப்பவே உரையாடல் பக்கத்துல எழுதிர்றேன். உன்ற பேரப் போட்டு, இது நீ செஞ்சதுன்னு..." என் வாய் குழறியது. வாழ்க்கையில் முதல் தடவை.

"வேண்டாங்க" என்றாள். "என்ற பேரு அங்க ஒருக்கா வந்து போச்சு. அது போதுங்க." போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "வரலாறு நல்லா இருக்குதுங்க. மேடம் பாத்தா சந்தோசப்படுவாங்க."

நோட்டுகளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கையெல்லாம் மண்ணாக இருக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் அம்மா அதற்குள் யாரையோ விட்டு எனக்கு டீ வாங்கி வரச் சொல்லியிருந்தார். குடித்தேன். அவள் மறுபடி சாக்கில் உட்கார்ந்து கிழங்கை எடுத்தாள். ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுக் கெட்ட பக்கம் போட்டாள்.

நான் எழுந்தேன். "போயிட்டு வாரேன் புள்ள" என்றேன்.

"சரிங்க" என்றாள் அவள். "பாத்துப் போங்க."